ஒரே செட்டு, ரெண்டு பாஷை: மராத்தி சினிமா எப்படி வளர்ந்துச்சு, ஏன் தேஞ்சுச்சு

மராத்தியோட முதல் படம் எதுன்னு கேட்டா மூணு பதில் வரும். 1912 மே 18 அன்னைக்கு பம்பாய் கிர்காவ்ல இருந்த காரனேஷன் தியேட்டர்ல வந்த 'ஸ்ரீ புண்டலிக்'னு சிலர் சொல்வாங்க. அதே தியேட்டர்ல 1913 மே 3 ரிலீஸ் ஆன பால்கேவோட 'ராஜா ஹரிச்சந்திரா'ன்னு நிறைய பேர் சொல்வாங்க. இல்ல, 1932 பிப்ரவரி 6 வந்த பிரபாத் கம்பெனியோட 'அயோத்யேச்சா ராஜா'தான்னு மத்தவங்க சொல்வாங்க. மூணு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஏன்னா முதல் ரெண்டும் ஊமைப்படம். பேசாத படத்துக்கு பாஷை ஏது? எடுத்தவங்க மராத்திக்காரங்க, நடிச்சவங்க மராத்திக்காரங்க, ஆனா திரையில வர்ற எழுத்து அட்டையை மாத்திட்டா அந்தப் படம் லாகூர்லயும் ஓடும், மெட்ராஸ்லயும் ஓடும்.

இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மராத்தி சினிமாவோட ஆரம்ப கால வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுத்திதான் ஓடுது, யாருக்காக எடுக்கிறோம், எந்த பாஷையில எடுக்கிறோம், அந்த பாஷை பேசுற ஜனம் போட்ட காசைத் திருப்பித் தருமா. இப்ப பார்த்தா இந்திக்குப் பக்கத்துல ஒதுங்கி நிக்கிற சின்ன இண்டஸ்ட்ரி மாதிரி தெரியும். ஆனா ஆரம்பத்துல இந்திய சினிமாவோட வேரே இதுதான்.

புண்டலிக்கை எடுத்தவர் தாதாசாஹேப் தோர்ணே. மேடையில நடந்த நாடகத்தை அப்படியே பிடிச்ச படம், கேமராமேன் ஒரு வெள்ளைக்காரர், பிலிமைக் கழுவினது லண்டன்ல, அதனால அதை முதல் படம்னு பலரும் ஒத்துக்கிறதில்ல. பால்கே கதை வேற. த்ரியம்பகேஸ்வர்ல 1870ல பிறந்தவர், பம்பாயில ஏசுவோட வாழ்க்கையைச் சொல்ற படத்தைப் பார்த்துட்டு நம்ம சாமிங்களை இப்படித் திரையில கொண்டுவர முடியாதான்னு தவிச்சு, இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வெச்சு, 1912ல லண்டன் போய் வில்லியம்சன் கேமரா வாங்கிட்டு வந்தவர். வந்து முதல்ல செஞ்ச வேலை ஒரு பட்டாணி விதை முளைச்சு செடியா வளர்றதைக் கொஞ்சம் கொஞ்சமா படம் பிடிச்சு, பணம் போடக்கூடிய ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டினதுதான். மனைவி சரஸ்வதிபாய் நகையைக் கொடுத்தாங்க, அதோட நிக்கல, பிலிம்ல ஓட்டை போடுறது, கழுவுறது, இத்தனை பேருக்கும் சமைச்சுப் போடுறதுன்னு எல்லாமே அவங்க செஞ்சாங்க. ஹரிச்சந்திரனோட மனைவி தாராமதி (நாம சந்திரமதின்னு சொல்றவங்க) வேஷத்துக்குப் பெண்கள் யாருமே வரல. கடைசியில ஒரு ஹோட்டல்ல வேலை பார்த்த அண்ணா சாளுங்கேங்கிற பையனுக்குப் புடவை கட்டினார். அந்த சாளுங்கேதான் 1917ல 'லங்கா தகன்' படத்துல ராமராவும் சீதையாவும் ரெண்டு வேஷத்துலயும் வந்தார். ரெண்டாவது படமான 'மோகினி பஸ்மாசுர்'லதான் துர்காபாய் காமத்தும் அவங்க பொண்ணு கமலாபாயும் நடிச்சாங்க, இந்தியப் படத்துல வந்த முதல் பெண்கள் இந்த அம்மாவும் பொண்ணும்தான்.

பால்கேவைப் பத்தி நிறைய எழுதியாச்சு. எனக்கு இதுல முக்கியமாப் படுறது கோலாப்பூர்.

பம்பாயில காசு இருந்துச்சு, ஆனா மராத்தி சினிமா ஒரு தொழிலா, ஒரு பட்டறையா உருவானது கோலாப்பூர்ல. அது ஒரு சமஸ்தானம். சாஹு மகாராஜா நாடகத்துக்கும், சங்கீதத்துக்கும், குஸ்திக்கும், ஓவியத்துக்கும் அள்ளிக் கொடுத்தவர். மராத்தி நாடகம்னா லேசுப்பட்டதில்ல, 1843ல சாங்லியில விஷ்ணுதாஸ் பாவே ஆரம்பிச்சு வெச்சது, 1880க்கு அப்புறம் கிர்லோஸ்கர் கம்பெனியோட சங்கீத நாடகம், அப்புறம் பெண் வேஷத்துல ஊரையே மயக்கின பால கந்தர்வா. அந்த நாடகங்களுக்கு பின்னாடி தொங்கிற படுதா இருக்கில்ல, அரண்மனை, காடு, நதின்னு தீட்டின திரைச்சீலை, அதை எழுதிட்டு இருந்த ஓவியர்கள்தான் ஆனந்தராவும் பாபுராவும். பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க. ரெண்டு பேரையும் ஊர்ல பெயிண்டர்னுதான் கூப்பிடுவாங்க, அதுவே பேராப் போச்சு. பால்கே படத்தைப் பார்த்துட்டு இவங்களுக்குப் பித்துப் பிடிச்சுது. ஆனந்தராவ் 1916ல இறந்துட்டார், பாபுராவ் விடல, தானே கேமரா செஞ்சு 1917ல மகாராஷ்டிரா பிலிம் கம்பெனியை ஆரம்பிச்சார். தானிபாய் காகல்கர்ங்கிற பாடகிதான் பணம் போட்டு உதவினாங்க.

1920ல 'சைரந்திரி' வந்துச்சு. விராடன் அரண்மனையில வேலைக்காரியா இருக்கிற திரௌபதி, அவளைத் தொந்தரவு பண்ற கீசகன், அவனைக் கொல்ற பீமன். அந்தக் கொலைக் காட்சி சென்சார்ல மாட்டுற அளவுக்கு நிஜம் மாதிரி இருந்துச்சாம். இதைப் பார்த்துட்டு திலகர் பாபுராவுக்கு 'சினிமா கேசரி', அதாவது சினிமா சிங்கம்னு பட்டம் கொடுத்தார்னு சொல்வாங்க. 1925ல அதே பாபுராவ் 'சாவ்காரி பாஷ்' எடுத்தார், அதாவது வட்டிக்காரனோட சுருக்குக் கயிறு. கடன்ல நிலத்தைப் பறிகொடுத்துட்டு ஊரை விட்டுப் பட்டணத்துக்குக் கூலியாப் போற விவசாயியோட கதை. சாமியும் ராஜாவும் மட்டுமே திரையில வந்துட்டு இருந்த காலத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. விவசாயியா நடிச்சவர் சாந்தாராம், அந்தக் கம்பெனியில எல்லா வேலையும் செஞ்சு தொழில் கத்துக்கிட்ட பையன்.

பாபுராவோட சிஷ்யர்கள் நாலு பேர், சாந்தாராம், தாம்லே, பத்தேலால், தாய்பர், இவங்களோட பணம் போடுறதுக்கு சீதாராம்பந்த் குல்கர்ணின்னு ஒரு நகை வியாபாரி, இந்த அஞ்சு பேரும் சேர்ந்து 1929 ஜூன் 1 அன்னைக்கு கோலாப்பூர்ல ஆரம்பிச்சதுதான் பிரபாத். பிரபாத்னா விடியற்காலை. ஒரு பொண்ணு வளைஞ்ச கொம்பை எடுத்து ஊதுற மாதிரி வரும் அவங்க சின்னம். மொதல்ல ஊமைப்படங்கள்தான். அதுல ஒண்ணு சிவாஜி கதை, சுயராஜ்யம்ங்கிற வார்த்தை தலைப்புல இருந்ததால வெள்ளைக்கார சென்சார் விடல, 'உதய்கால்'னு பேரை மாத்தி ரிலீஸ் பண்ணாங்க.

1931 மார்ச் 14 பம்பாய் மெஜஸ்டிக்ல 'ஆலம் ஆரா' வந்து படம் பேச ஆரம்பிச்சதும் எல்லாமே தலைகீழாச்சு. ஊமைப்படம் இருந்த வரைக்கும் கோலாப்பூர்ல எடுத்த படத்துக்கு இந்தியா முழுக்க மார்க்கெட். பேச ஆரம்பிச்ச அடுத்த நிமிஷம் மார்க்கெட் சுருங்கிப் போச்சு. மராத்தி பேசுற ஜனம் அப்ப ஒரே மாநிலத்துலயும் இல்ல, பம்பாய் மாகாணத்துல கொஞ்சம், மத்திய மாகாணத்துல நாக்பூர், விதர்பா பக்கம் கொஞ்சம், நிஜாம் ராஜ்யத்துல மராத்வாடா, நடுநடுவுல சின்னச் சின்ன சமஸ்தானங்கள். இந்த வட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டி ஒரு பெரிய ஸ்டூடியோவோட செலவை எடுக்கிறது கஷ்டம்.

அதுக்கு பிரபாத் கண்டுபிடிச்ச வழிதான் ஒரே படத்தை ரெண்டு பாஷையில எடுக்கிறது. இன்னைக்கு மாதிரி டப்பிங் கிடையாது. பாட்டைத் தனியா ரெக்கார்ட் பண்ணி வாயசைக்கிற வழக்கமும் அப்ப வரல, நடிக்கிறவங்களே அங்கயே பாடணும், வாத்தியக்காரங்க கேமராவுல படாம ஓரமா ஒளிஞ்சு நின்னு வாசிக்கணும். அதனால மராத்தியில ஒரு தடவை நடிச்சுட்டு, அதே செட்டு, அதே லைட்டு, அதே துணிமணியோட இந்தியில இன்னொரு தடவை நடிப்பாங்க. செலவுல பெரிய பங்கு செட்டுக்கும் துணிமணிக்கும் ஆட்கள் சம்பளத்துக்கும் போறது, அது ஒரு தடவைதான். கூடுதலா ஆகுறது பிலிமும் நாளும் மட்டும். இந்திப் படம் வடக்கே போய் சம்பாதிச்சுக் கொடுக்கும், அந்தக் காசுல மராத்திப் படத்தை நல்லா எடுக்கலாம்.

முதல் பேசும்படமே அப்படித்தான் வந்துச்சு. 'அயோத்யேச்சா ராஜா', இந்தியில 'அயோத்யா கா ராஜா', 1932 ஜனவரி பிப்ரவரியில ரெண்டு வாரம் இடைவெளியில ரெண்டும் ரிலீஸ். கதை மறுபடியும் ஹரிச்சந்திரன்தான், பால்கே எடுத்த அதே கதை, இப்ப வாய் திறந்து பேசுது. ஹரிச்சந்திரனா நடிச்சு இசையும் போட்டவர் கோவிந்தராவ் டேம்பே, நாடக மேடையில பேரெடுத்த ஹார்மோனியக்காரர். தாராமதி துர்கா கோட்டே. வசதியான, படிச்ச பிராமணக் குடும்பத்துப் பொண்ணு. பத்தொன்பது வருஷம் முன்னாடி இதே வேஷத்துக்கு ஒரு பையனுக்குப் புடவை கட்ட வேண்டி இருந்துச்சு, இப்ப அந்த இடத்துல துர்கா கோட்டே. இவங்க வந்ததுக்கு அப்புறம்தான் நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க சினிமாவுக்கு வரலாம்ங்கிற எண்ணமே கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு.

அதே 1932ல புண்டலிக் எடுத்த தோர்ணேவும் திரும்பி வந்தார். பூனாவுல சரஸ்வதி சினிடோன் ஆரம்பிச்சு 'ஷ்யாம்சுந்தர்' எடுத்தார், கிருஷ்ணனா சின்னப் பையன் சாஹு மோடக், கூட சாந்தா ஆப்டே. பம்பாயில இருபத்தஞ்சு வாரத்தைத் தாண்டி ஓடுச்சு, நம்ம நாட்டுல வெள்ளிவிழா கொண்டாடின முதல் படம்னு அதைத்தான் சொல்றாங்க.

1933ல பிரபாத் பூனாவுக்கு மாறிடுச்சு. பெரிய தளம், சொந்த லேப், சொந்தக் குளம், தோட்டம். அந்த வருஷமே 'சைரந்திரி'யை கலர்ல எடுக்கப் பார்த்து, ஜெர்மனியில பிரிண்ட் போட்டும் கலர் சரியா வராம நஷ்டப்பட்டாங்க. 1934ல 'அம்ருதமந்தன்', பலி கொடுக்கிறதை நிறுத்தச் சொல்ற ராஜாவை ஒழிச்சுக் கட்டுற ராஜகுருவோட கதை. அந்த ராஜகுரு வேஷத்தை இந்தியில சந்திரமோகன் பண்ணார், திரை முழுக்க அவர் கண்ணு மட்டும் நிறைஞ்சு நிக்கிற ஷாட்டை இன்னைக்கும் பேசுவாங்க. மராத்தியில அதே வேஷம் கேஷவராவ் தாதே, மேடையில பண்பட்ட நடிகர். சில வேஷத்துக்கு ரெண்டு பாஷையில ரெண்டு ஆள் போடுற வழக்கம் இப்படி வந்ததுதான்.

நமக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. 1930கள் ஆரம்பத்துல தமிழ் 'சீதா கல்யாணம்' பிரபாத் ஸ்டூடியோவுலதான் எடுத்தாங்க. டைரக்‌ஷன் பாபுராவ் பெந்தார்கர், ராமரா நடிச்சவர் எஸ். ராஜம், பின்னாடி ஓவியராவும் சங்கீத வித்வானாவும் பேர் வாங்கினவர். அவர் தம்பி, பின்னாள்ல வீணை எஸ். பாலசந்தர், குட்டிப் பையனா அதுல கஞ்சிரா வாசிச்சிருப்பார். பாபநாசம் சிவன் சினிமாவுக்குப் பாட்டு எழுத வந்ததும் அந்தப் படத்துலதான். தமிழ்நாட்டுல சரியான ஸ்டூடியோ இல்லாத காலம், அதனால நம்ம ஆளுங்க மூட்டை கட்டிக்கிட்டு மராத்தி நாட்டுக்குப் போய் படம் எடுத்துட்டு வந்திருக்காங்க.

இப்ப 1936க்கு வரணும். 'சந்த் துக்காராம்'. இத்தனை நேரம் ரெண்டு பாஷைக் கணக்கைச் சொன்னேன் இல்லையா, இந்தப் படத்தை எடுத்தது மராத்தியில மட்டும். சாந்தாராம் எடுத்த படமும் இல்ல. தாம்லேயும் பத்தேலாலும் சேர்ந்து எடுத்தது, ஒருத்தர் ஸ்டூடியோவுல ஒலிப்பதிவைப் பார்த்துக்கிட்டவர், இன்னொருத்தர் ஆர்ட் டைரக்டர். ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், ரெண்டு பேரும் சேர்ந்து விட்டலனோட பக்தனைப் பத்திப் படம் எடுத்தாங்க. துக்காராமா நடிச்ச விஷ்ணுபந்த் பாக்னிஸ் மேடையில பெண் வேஷம் போட்டுட்டு இருந்தவர். அந்த மென்மை துக்காராம் முகத்துல அப்படியே வந்து உக்காந்துடுச்சு. பாட்டு பாடும்போது அவர் நடிக்கிற மாதிரியே இருக்காது.

ஆனா என்னைக் கேட்டா படத்தைத் தாங்கி நிக்கிறது கௌரிங்கிற நடிகை செஞ்ச ஜீஜாய் வேஷம்தான். துக்காராமோட பெண்டாட்டி. எருமை மேய்க்கிறவ, வீட்ல அரிசி இல்ல, புருஷன் இருக்கிறதை எல்லாம் ஊருக்குக் கொடுத்துட்டு அபங்கம், அதாவது மராத்தி பக்திப் பாட்டு, பாடிட்டு இருக்கார். புள்ளைக்கு உடம்பு சரியில்லாமப் போகுது. ஒரு கையில புள்ளையை இழுத்துக்கிட்டு இன்னொரு கையில செருப்பைத் தூக்கிக்கிட்டு நேரா கோயிலுக்குள்ள போய் பாண்டுரங்கனைத் திட்டுவா பாருங்க. பக்திப் படத்துல சாமி சிலை முன்னாடி செருப்பை ஓங்குற பெண்டாட்டி, அதையும் வில்லியாக் காட்டாம, அவ பக்கம் இருக்கிற நியாயம் நமக்கு வலிக்கிற மாதிரி எடுத்திருப்பாங்க. கடைசியில வைகுண்டத்துல இருந்து கருடன் வந்து துக்காராமைக் கூட்டிட்டுப் போகும், அவர் இவளையும் வான்னு கூப்பிடுவார், இவ போக மாட்டா, வீட்டையும் புள்ளைங்களையும் யார் பார்க்கிறது. நான் இந்தப் படத்தை முதல் தடவை பார்த்தப்ப மராத்தி ஒரு வார்த்தை தெரியாது, ஜீஜாய் அடுப்படியில நின்னு புலம்புறதுக்கு மட்டும் சப்டைட்டில் தேவைப்படல.

இதுல வர்ற 'ஆதி பீஜ ஏகலே'ங்கிற பாட்டை சாந்தாராம் ஆதவலேங்கிற கவிஞர் எழுதினார், ஆனா துக்காராமோட நிஜ அபங்கம்னே நிறைய பேர் நம்பிட்டாங்க, அவ்வளவு பொருந்திப் போச்சு. பம்பாய் சென்ட்ரல் சினிமாவுல ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 1937ல வெனிஸ் விழாவுல சிறப்புப் பாராட்டு வாங்குச்சு. 1938ல நம்ம ஊர்ல முசிறி சுப்பிரமணிய ஐயரை வெச்சு பி.என். ராவ் தமிழ்ல 'துக்காராம்' எடுத்தார்.

இந்தி மார்க்கெட்டை நினைக்காம, துக்காராமோட ஊரான தேகு கிராமத்துக் கதையை அந்த ஊர்ப் பேச்சுலயே எடுத்த படம்தான் உலகம் வரைக்கும் போச்சு. ரெண்டு பாஷைக் கணக்கு தப்புன்னு இதனால சொல்லிட முடியாது. மத்த படங்கள் ரெண்டு பக்கமும் சம்பாதிச்சதாலதான் இப்படி ஒரு பாஷையில மட்டும் ஒரு படத்தை எடுத்துப் பார்க்கிற தெம்பு பிரபாத்துக்கு இருந்துச்சு.

1937ல சாந்தாராமோட 'குங்கூ'. அதாவது நெத்திக் குங்குமம். இந்தியில அதே படத்துக்குப் பேரு 'துனியா ந மானே', உலகம் ஒத்துக்காது. மராத்தியில தலைப்பு அந்தப் பொண்ணு நெத்தியில இருக்கு, இந்தியில அவளை எதிர்க்கிற உலகத்துல இருக்கு, எனக்கு மராத்தித் தலைப்புதான் கூர்மையாத் தெரியுது. கிழவனுக்கு ஏமாத்திக் கட்டி வெச்ச பொண்ணு, அவனைப் புருஷன்னு ஏத்துக்க மாட்டேன்னு வீட்டுக்குள்ளயே நின்னு போராடுறா. சாந்தா ஆப்டே நடிப்பு இன்னைக்குப் பார்த்தாலும் பழசாத் தெரியாது. பின்னணி இசையே கிடையாது, கடிகாரச் சத்தம், குடை, கைத்தடின்னு வீட்ல இருக்கிற சத்தத்தையே வெச்சு ஓட்டியிருப்பார். 1939ல 'மாணூஸ்', ஒரு போலீஸ்காரனுக்கும் ஒரு விலைமாதுவுக்கும் வர்ற அன்பு. 1941ல 'ஷேஜாரி', பக்கத்து வீட்டுக்காரங்க, ஒரு இந்து ஒரு முஸ்லிம், ஊர்ல அணை கட்ட வர்றவன் ரெண்டு பேரையும் பிரிக்கிறான். இந்தியில அது 'படோசி'. அதுல இந்துவா நடிச்சவர் மஜர் கான், முஸ்லிமா நடிச்சவர் கஜானன் ஜாகிர்தார், வேணும்னே மாத்திப் போட்டார் சாந்தாராம்.

கோலாப்பூரும் சும்மா இல்ல. நடிகரும் டைரக்டருமான மாஸ்டர் விநாயக், பாபுராவ் பெந்தார்கர், கேமராமேன் பாண்டுரங் நாயக் சேர்ந்து 1936ல ஹம்ஸ் பிக்சர்ஸ் ஆரம்பிச்சாங்க. இவங்க பலம் எழுத்தாளருங்க. வி.ஸ. காண்டேகரை நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம், தமிழ்ல மொழிபெயர்த்து வீட்டுக்கு வீடு படிச்சவர், அவர் கதை 'சாயா'. ஆச்சார்ய அத்ரே எழுதினது 'பிரம்மச்சாரி', 1938, கல்யாணமே வேண்டாம்னு சபதம் எடுத்தவனைக் கிண்டல் பண்ற படம், அதுல மீனாட்சி ஷிரோட்கர் நீச்சல் உடையில வந்தது பெரிய பரபரப்பு.

இவ்வளவு உயரத்துல இருந்தது அஞ்சாறு வருஷத்துல எப்படி சரிஞ்சுது? ரெண்டாவது உலக யுத்தம்தான் முதல் அடி. பிலிம் வெளிநாட்டுல இருந்து வரணும், அது அரிதாப் போச்சு, படம் 11,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு சர்க்கார் கட்டுப்பாடு, அப்புறம் லைசென்ஸ் முறை. இங்கதான் அந்த ரெண்டு பாஷைக் கணக்கு திரும்பிக் கடிச்சுது. தேவையான பிலிம் இருந்த வரைக்கும் ஒரே செட்டுல ரெண்டு தடவை எடுக்கலாம், லாபம். ஒரு படத்துக்குத்தான் பிலிம்னு ஆயிட்டா எந்த பாஷையை விடுவாங்க? பெரிய மார்க்கெட் இருக்கிறதை யாரும் விட மாட்டாங்க. இத்தனை வருஷமா மராத்தியைத் தாங்கின அதே இந்தி மார்க்கெட், இப்ப மராத்தியைத் தள்ளி விட்டுட்டு தனியா நின்னுச்சு. யுத்தம் முடியுற சமயத்துல மராத்திப் படங்கள் வர்றதே அபூர்வமாப் போச்சு.

ஆளுங்களும் போயிட்டாங்க. சாந்தாராம் 1942ல பிரபாத்தை விட்டு பம்பாய் பரேல்ல ராஜ்கமல் ஆரம்பிச்சார், முதல் படம் 'சகுந்தலா', இந்தி. தாம்லே 1945ல இறந்துட்டார். அதே வருஷம்தான் பம்பாய்க்குப் போனாங்க லதா மங்கேஷ்கர், அது வரைக்கும் மாஸ்டர் விநாயக் கம்பெனியில சின்னச் சின்ன வேஷம் போட்டுட்டு இருந்த பொண்ணு. முதல் முதலா சினிமாவுக்குப் பாடினதும் மராத்தியிலதான், 1942ல, அந்தப் பாட்டு படத்துல வரல. விநாயக் 1947ல இறந்துட்டார். 1948ல காந்தி கொலைக்கு அப்புறம் பிராமணர்களுக்கு எதிரா நடந்த கலவரத்துல கோலாப்பூர்ல டைரக்டர் பால்ஜி பெந்தார்கரோட ஜெயப்பிரபா ஸ்டூடியோவுக்குத் தீ வெச்சுட்டாங்க.

கொஞ்சம் மூச்சு வந்தது 1947ல, ராஜ்கமல் எடுத்த 'ராம் ஜோஷி', லாவணிங்கிற மராத்தி நாட்டுப்புறப் பாட்டு பாடுற கவிராயரோட கதை, பழைய குரு பாபுராவ் பெயிண்டரும் அதுல டைரக்‌ஷன்ல இருந்தார். அதே வருஷம் 'ஜெய் மல்ஹார்'. ரெண்டும் நல்லா ஓடுச்சு, லாவணியும் கிராமமும்தான் இனி மராத்திப் படம்ங்கிற பாதை அங்கதான் போட்டாங்க.

1953ல பிரபாத்தை மூடினாங்க. அதே வருஷம் அத்ரே, எழுத்தாளர் சானே குருஜியோட 'ஷ்யாம்ச்சி ஆயி'யைப் படமா எடுத்து ரிலீஸ் பண்ணார், கொங்கணக் கரையில ஒரு ஏழைத் தாய், அவ மகன், அவ்வளவுதான் கதை. மத்திய சர்க்கார் முதல் தடவையா தேசிய விருது கொடுத்தப்ப ஜனாதிபதியோட தங்கப் பதக்கம் அந்த மராத்திப் படத்துக்குத்தான் போச்சு. பிரபாத் இருந்த இடத்துல 1960ல பிலிம் இன்ஸ்டிட்யூட் வந்துச்சு, துக்காராமுக்கு செட்டு போட்ட அதே மண்ணுலதான் இன்னைக்கும் பசங்க கேமரா பிடிச்சுப் பழகிட்டு இருக்காங்க. பாபுராவ் பெயிண்டர் எடுத்த ஊமைப்படங்கள்ல பெரும்பாலானது இப்ப இல்ல. பால்கேயோட ஹரிச்சந்திராவுல முதல் ரீலும் கடைசி ரீலும்தான் மிச்சம், அதுவும் 1913ல எடுத்ததா, 1917ல அவரே திரும்ப எடுத்ததாங்கிற வாதம் இன்னும் முடியல. துக்காராம் படம் முழுசா இருக்கு. கிடைச்சா ஜீஜாய் கோயிலுக்குள்ள போற இடத்தைத் தவற விடாதீங்க.